அளவுகோல் ஏந்திய சட்டம்

நீங்கள் இப்போது உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்குங்கள். நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 9 அடி என்றால் அறையின் கனஅளவு 1,080 கன அடி. இதை 300ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 180.

1862ஆம் ஆண்டுக்குப் பின் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஓர் ஏழைத் தொழிலாளி இந்த அறையில் குடியிருந்தால், இங்கே மூன்று பெரியவர்களும் ஒரு சிறு குழந்தையும் மட்டுமே உறங்கலாம். நான்காவது பெரியவர் ஒருவர் படுத்திருந்தால் அது குற்றம்! பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. இதுதான் சட்டம்.

ஒருவன் தன் வீட்டுக்குள் எத்தனை பேருடன் உறங்கலாம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டுச் சொல்லும் நிலை ஏன் வந்தது? அந்தக் கணக்கு சரியானதுதானா? இவற்றைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம். இது வரலாற்றுப் பாடம்தான். ஆனால் நீங்கள் பௌதிக வகுப்பில் படிக்கும் நீரோட்டம், காற்றழுத்தம், நுண்புழை ஏற்றம் எல்லாம் இதற்குள் வருகின்றன.

வீங்கிய நகரங்கள்

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை பிரிட்டனை ஆண்டார். அவர் காலத்துக்கு முன்பே தொழிற்புரட்சி தொடங்கிவிட்டது. ஆலைகளும் துறைமுகங்களும் கிராமத்து மக்களை நகரங்களுக்கு இழுத்தன. 1801இல் லண்டனின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம்; 1851இல் 23 லட்சத்தைத் தாண்டிவிட்டது. லிவர்பூல் துறைமுகத்தில் அதே ஐம்பது ஆண்டுகளில் சுமார் 80 ஆயிரம் பேர் 3¾ லட்சம் ஆனார்கள்.

மக்கள் பெருகிய வேகத்தில் வீடுகள் பெருகவில்லை. நிலத்தின் விலை ஏறிற்று. வீட்டுக்காரர்கள் குறைந்த இடத்தில் நிறையக் குடித்தனங்களை அடைக்க வழி தேடினார்கள். அதில் பிறந்ததுதான் முதுகோடு முதுகு ஒட்டிய வீடு. இரண்டு வரிசை வீடுகளுக்குப் பின்சுவர் ஒன்றே. வாசல் உண்டு, கொல்லை கிடையாது. நடுவில் உள்ள வீட்டுக்கு மூன்று பக்கமும் சுவர். இப்படிப்பட்ட வீடுகள் இருபுறமும் நெருங்கி நிற்க, நடுவில் ஒரு குறுகிய முடுக்கு. முடுக்கின் கோடியில் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொதுவாக ஓரிரண்டு கழிப்பிடங்கள். அதன் அருகிலேயே ஒரு தண்ணீர்க் குழாய். அதிலும் நாளெல்லாம் தண்ணீர் வராது. லிவர்பூலில் பல்லாயிரம் பேர் தெருவுக்குக் கீழே இருந்த நிலவறைகளில் வாழ்ந்தார்கள். மழை பெய்தால் தெருச் சாக்கடை உள்ளே இறங்கும்.

ஓர் எச்சரிக்கையான சராசரி

1842இல் எட்வின் சாட்விக் என்பவர், தொழிலாளர் வாழும் இடங்களின் சுகாதார நிலைபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு புள்ளிவிவரம் நாட்டையே உலுக்கிற்று. மான்செஸ்டரில் இறந்தவர்களின் சராசரி வயது, கனவான்கள் குடும்பங்களில் 38. கடைக்காரர் குடும்பங்களில் 20. கூலித் தொழிலாளர் குடும்பங்களில் 17. கிராமப்புறமான ரட்லண்டிலோ தொழிலாளர் குடும்பங்களிலேயே அது 38. அதாவது நகரத்துக் கனவானும் நாட்டுப்புறத்துக் கூலியும் ஒரே வரிசையில் நின்றார்கள்!

இங்கே சற்று நில்லுங்கள். மான்செஸ்டர் தொழிலாளர்கள் எல்லோரும் 17 வயதில் இறந்தார்கள் என்பது இதன் பொருளன்று. பத்துப் பேரில் ஐவர் ஒரு வயதிலும் மற்ற ஐவர் 45 வயதிலும் இறந்தால், சராசரி (5 + 225) ÷ 10 = 23. ஆனால் 23 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. சராசரியைக் கீழே இழுத்தவை குழந்தைகளின் மரணங்கள். இளைஞர்களும் குழந்தைகளும் மிகுந்த நகரத்தில் இந்தச் சராசரி இன்னும் தாழும். ஆகவே இரண்டு ஊர்களை ஒப்பிட இது நல்ல அளவுகோல் அல்ல. ஆயினும் அது காட்டிய திசை தவறன்று: ஒரே நாட்டில், வாழும் இடத்தைப் பொறுத்து மரணம் முந்திக்கொள்கிறது.

‘லாம்’ என்ற சட்டமும் ‘வேண்டும்’ என்ற சட்டமும்

1846இல் லிவர்பூல் தனக்கென ஒரு சுகாதாரச் சட்டம் பெற்றது. அதன்படி டாக்டர் டங்கன் என்பவர் 1847 முதல் அந்நகரின் சுகாதார அதிகாரியானார். நாட்டிலேயே இப்பதவியில் அமர்ந்த முதல் மனிதர் இவர்தான். 1848இல் நாடு முழுவதற்குமான பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. ஓர் ஊரில் வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டுக்கொண்டால், அங்கே உள்ளூர்ச் சுகாதார வாரியம் அமைக்கலாம். யாரும் கேட்காவிட்டாலும், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில் மத்திய வாரியமே தலையிடலாம்.

இந்தச் சட்டத்தில் ‘வேண்டும்’ என்பதைவிட ‘லாம்’ என்பதே மிகுதி. அமைக்கலாம், தோண்டலாம், கட்டலாம். ஆனால் சாக்கடைக்கு வரி கொடுக்க வேண்டியவர்கள் யார்? வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும். நகரசபையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? அவர்களேதான். முடுக்கில் வாழ்ந்தவனுக்கு அங்கே குரல் இல்லை. “என் வீடு, என் காசு, நீ யார் கேட்க?” என்பதே பலருடைய எண்ணம். சாட்விக்கை எதிர்த்த கூச்சல் வலுத்து, 1854இல் அவர் வாரியத்திலிருந்து விலக்கப்பட்டார்.

தவறான கொள்கை, சரியான சாக்கடை

இன்னொரு தடையும் இருந்தது; அது அறிவியல் தடை. அழுகும் பொருளிலிருந்து எழும் நாற்றமே நோயை உண்டாக்குகிறது என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினார்கள். சாட்விக்கும் அவர்களில் ஒருவர். நாற்றத்தை வீட்டிலிருந்து அகற்ற, லண்டனின் மலக்குழிகளிலிருந்த கழிவைச் சாக்கடை வழியே தேம்ஸ் நதிக்குள் தள்ளினார்கள். வீடு மணத்தது; நதி கெட்டது. அதே நதியிலிருந்துதான் பல கம்பெனிகள் குடிநீர் எடுத்து வழங்கின! 1848-49இல் காலரா என்னும் வாந்திபேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று.

நோய் தண்ணீரில் வருகிறது என்று கூறியவர் டாக்டர் ஜான் ஸ்நோ. தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் தண்ணீர் கொடுத்துவந்தன. லாம்பெத் கம்பெனி 1852இல் நதியின் மேல்பகுதிக்குப் போய்த் தண்ணீர் எடுக்கத் தொடங்கியது. சதர்க் - வாக்ஸ்ஹால் கம்பெனி நகரின் அழுக்கு கலந்த இடத்திலேயே எடுத்துவந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே காற்று, ஒரே நாற்றம். தண்ணீர் மட்டும் வேறு. 1854இல் காலரா வந்தபோது ஸ்நோ கணக்கெடுத்தார்.

சதர்க் - வாக்ஸ்ஹால்: 40,046 வீடுகளில் 1,263 மரணங்கள்.
லாம்பெத்: 26,107 வீடுகளில் 98 மரணங்கள்.

மரணங்களை வீடுகளால் வகுத்து 10,000ஆல் பெருக்கிப் பாருங்கள். முதல் கம்பெனிக்கு 315, இரண்டாவதற்கு 37. எட்டு மடங்குக்கு மேல் வேறுபாடு! ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் சமமாக இருக்கும்படி ஒப்பிடுவதுதான் நல்ல சோதனை என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்லித் தருகிறார்களே, அது இதுதான். ஆனாலும் ஸ்நோவின் முடிவை அன்று பலர் ஏற்கவில்லை. காலராக் கிருமியைக் கல்கத்தாவில் ராபர்ட் காக் இனங்கண்டு கூறியது 1884இல்தான்.

1858ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கடுமையாக இருந்தது. தேம்ஸின் நாற்றம் கரையோரம் இருந்த பார்லிமெண்ட் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தது. சன்னல் திரைகளைச் சலவைத் தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த விஷயம் சில வாரங்களில் முடிந்தது. ஆகஸ்டு மாதமே சட்டம் நிறைவேறிற்று. முடுக்கில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்தபோது வராத பணம், சட்டம் செய்வோர் மூக்கைப் பிடித்தபோது வந்துவிட்டது!

முட்டை வடிவச் சாக்கடை

ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியியலார் நதிக்கு இணையாக 82 மைல் நீளமுள்ள பெருஞ்சாக்கடைகளைச் செங்கல்லால் கட்டினார். வீட்டுச் சாக்கடைகள் நதியில் விழுமுன் இவை குறுக்கே பிடித்து, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுபோயின.

இங்கே ஒரு பௌதிகச் சிக்கல். லண்டன் சமதளமான ஊர். பெருஞ்சாக்கடைகளுக்குக் கிடைத்த சரிவு பல இடங்களில் ஒரு மைலுக்கு 2 அடிதான். மைலுக்கு 5,280 அடி அல்லவா? அப்படியானால் சரிவு 2,640இல் ஒரு பங்கு. ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நீரின் வேகம் நொடிக்குச் சுமார் 2 அடிக்குக் குறைந்தால், அதிலுள்ள மணலும் கசடும் அடியில் படியத் தொடங்கும். கசடு படிந்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும்.

அடிப்பக்கம் தட்டையான வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் ஓடினால் என்ன ஆகும்? அது பரவி மெல்லிய படலமாகிவிடும். நீரின் அளவு சிறிது. அது தரையைத் தொடும் பரப்போ பெரிது. உராய்வு மிகுந்து வேகம் குறையும். முட்டையைக் கூரிய முனை கீழே இருக்கும்படி நிறுத்தியது போன்ற வடிவில் சாக்கடையைக் கட்டினால், அதே தண்ணீர் குறுகிய அடிப்பகுதியில் திரண்டு ஆழமாக ஓடும். சுவரைத் தொடும் பரப்பு ஒப்பளவில் குறைவு, உராய்வும் குறைவு, வேகம் நிலைக்கும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் மேலே அகன்ற இடம் காத்திருக்கிறது. லண்டனின் தெருச் சாக்கடைகள் பல இந்த வடிவத்தில் கட்டப்பட்டன.

தாழ்வான பகுதிகளில் சேர்ந்த கழிவை நீராவி எந்திரங்கள் இறைத்து மேலேற்றின. கிராஸ்னஸ் இறைப்பு நிலையம் 1865இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே காலரா மீண்டும் வந்தது. ஆனால் அது பெரிதும் தாக்கியது கிழக்கு லண்டனை. அங்கே புதிய சாக்கடை இன்னும் முடியவில்லை. குடிநீர்க் கம்பெனியும் வடிகட்டாத நீரை வழங்கியிருந்தது. அங்கு மட்டும் 5,500க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். ஸ்நோவின் கருத்தை நாடு ஏற்றது அதன் பிறகுதான். லண்டனில் அதற்குப்பின் அத்தகைய காலராக் கொள்ளை வரவில்லை. ஆனால் கழிவு ஒழிந்துவிடவில்லை. நதியின் கீழ்ப்பகுதிக்கு இடம் மாறியது. அந்தப் பிரச்சினையைத் தீர்க்க இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

சுவரும் சன்னலும்

சாக்கடைக்கு அடுத்து வீடு. 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் சன்னலுக்கு வரி இருந்தது! வரிக்குப் பயந்து பலர் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வெளிச்சமும் காற்றும் வரி கட்டினால்தான் உள்ளே வரும் என்ற நிலை.

அந்த வரி ஒழிந்து 24 ஆண்டுகளில் நேர்மாறான சட்டம் வந்தது. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 343 பிரிவுகள். இதில் ‘வேண்டும்’ மிகுதி. எல்லா ஊர்களிலும் சுகாதார அதிகாரி இருக்கவேண்டும். கழிப்பிடம் இல்லாமல் புதுவீடு கட்டக்கூடாது. நூறு அடிக்குள் பொதுச் சாக்கடை இருந்தால் வீட்டுக்காரரை அதனுடன் இணைக்கச் சொல்லலாம். நிலவறையைக் குடியிருக்க விடுவதானால் உயரம் 7 அடி வேண்டும். அதில் 3 அடியாவது தெருமட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். வெளிப்புறச் சன்னல் 9 சதுர அடி வேண்டும்.

இதையொட்டி 1877இல் மாதிரித் துணைவிதிகள் வெளியாயின. வண்டிச் சாலையின் அகலம் 36 அடி. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் 150 சதுர அடித் திறந்தவெளி. சன்னல் பரப்பு, அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு. இந்தக் கடைசி விதியில் உள்ள பௌதிகம் உங்களுக்குத் தெரிந்ததே. செங்கல்லில் எண்ணற்ற நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நிலத்தடி ஈரம் அவற்றின் வழியே சுவரில் ஏறும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே கல்பலகையோ நிலக்கீலோ ஓர் அடுக்காகப் போட்டுவிட்டால், துளைகளின் தொடர்ச்சி அறுந்து ஈரம் அங்கேயே நின்றுவிடும்.

கவனித்தீர்களா? “வீடு ஆரோக்கியமாக இருக்கட்டும்” என்று சட்டம் சொன்னால், “என் வீடு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது” என்று வீட்டுக்காரர் சாதிக்கலாம். 36 அடி, 9 சதுர அடி என்று சொன்னால், ஆய்வாளர் நாடாவை நீட்டி அளந்துவிடுவார். வாதாட இடமில்லை.

300 கன அடி போதுமா?

இனி, கிளாஸ்கோவின் கணக்கைப் பரிசோதிப்போம். 300 கன அடி என்பது சுமார் 8,500 லிட்டர். உறங்கும் மனிதர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். மியூனிக் நகரத்து அறிஞர் பெட்டன்கோஃபர் 1858இல் ஒரு வரம்பு கூறினார்: அறைக் காற்றில் கரியமில வாயு 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே காற்றோட்டம் போதவில்லை. வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம் என்று கொள்வோம். இடைவெளி 0.06 சதவீதம். 8,500 லிட்டரில் அது 5.1 லிட்டர். மணிக்கு 15 லிட்டர் வீதம் 5.1 லிட்டர் சேர எவ்வளவு நேரம்? சுமார் 20 நிமிடம்!

அடைத்த அறையில் 300 கன அடி ஒரு மனிதருக்கு இருபது நிமிடத்துக்குத்தான் போதும். 600 கன அடி கொடுத்தால்? நாற்பது நிமிடம். இரவு எட்டு மணி நேரமாயிற்றே! அறையைப் பெரிதாக்குவது, காற்று கெடும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தடுப்பதில்லை. வரம்புக்குள் வைக்க ஒருவருக்கு மணிக்கு 25,000 லிட்டர் புதுக்காற்று வேண்டும். அதாவது 300 கன அடிக் காற்று மணிக்கு மூன்று முறை மாறவேண்டும். அதற்கு எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வேண்டும். காற்று மோதும் சுவரில் அழுத்தம் மிகுதி, மறுபக்கம் குறைவு, இந்த வேறுபாடுதான் காற்றை வீட்டுக்குள் ஓட்டுகிறது. முதுகோடு முதுகு ஒட்டிய வீட்டில் எதிர்ச்சுவருக்கு வெளியே காற்றா இருக்கிறது? அடுத்த வீட்டு அடுக்களை! இத்தகைய தொழிலாளர் வீடுகளைப் புதிதாகக் கட்ட நாடு முழுவதும் தடை வந்தது 1909இல்தான்.

கரியமில வாயு இந்த அளவில் நோய் தருவதில்லை என்பதையும் மறவாதீர்கள். அது ஓர் அறிகுறி. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எவ்வளவு இழுக்கிறார் என்பதை அது காட்டுகிறது. மூச்சில் காசநோய்க் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும்.

நள்ளிரவில் கதவு தட்டப்பட்டது

கிளாஸ்கோவில் மூன்று அறைகளுக்கு மேற்படாத, 2,000 கன அடிக்குள் அடங்கிய வீடுகளின் கதவில் ஒரு தகரச் சீட்டு அடிக்கப்பட்டது. வீட்டின் கனஅளவும், அதில் உறங்கத்தக்கவர் எண்ணிக்கையும் அதில் எழுதியிருக்கும். நள்ளிரவுக்கு மேல் ஆய்வாளர்கள் வந்து கதவைத் தட்டித் தலைகளை எண்ணுவார்கள். கட்டிலுக்கு அடியிலும், அலமாரிக்குள்ளும், கூரைமேலும் மனிதர்கள் ஒளிந்துகொண்டார்கள்.

ஏன் ஒளிந்தார்கள்? வாடகை கொடுக்க ஒண்டுக்குடித்தனம் வைத்துக்கொண்டால்தான் முடியும். வெளியேற்றப்பட்டவர் எங்கே போவார்? அடுத்த முடுக்குக்கு. நெரிசல் இடம் மாறும், தீராது. சட்டம் அறையை அளந்தது, கூலியை அளக்கவில்லை.

1868இலும் 1875இலும் வந்த வீட்டு வசதிச் சட்டங்கள், கேடான வீடுகளையும் பின்னர் முழுப் பகுதிகளையுமே இடிக்க நகரசபைகளுக்கு அதிகாரம் தந்தன. இங்கும் ‘லாம்’தான். வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு கிடைத்தது. குடியிருந்தவருக்குத் தெருதான் கிடைத்தது. கிழக்கு லண்டனில் ‘ஓல்டு நிக்கல்’ என்ற சேரியை இடித்து, லண்டன் கவுண்டி கவுன்சில் கட்டிய பவுண்டரி குடியிருப்பு 1900இல் திறக்கப்பட்டது. வெளிச்சமும் காற்றும் நிறைந்த நல்ல வீடுகள், இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்த இடத்திலிருந்து கிளப்பப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் புது வீட்டுக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலரே. வாடகை அவர்களுக்கு எட்டவில்லை.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்

1840களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்கு ஆயிரத்துக்குச் சுமார் 22 பேர் இறந்தார்கள். 1890களில் இது சுமார் 18 ஆயிற்று. காலரா போயிற்று, குடற்காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. இதில் சாக்கடைக்கும் நல்ல நீருக்கும் எவ்வளவு பங்கு, உயர்ந்த கூலிக்கும் நல்ல உணவுக்கும் எவ்வளவு பங்கு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பவை 1840களில் சுமார் 150. அந்நூற்றாண்டு முடியும்போதும் ஏறத்தாழ அதுவே. குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியது 1900க்குப் பிறகுதான். சாட்விக்கின் சராசரியைக் கீழே இழுத்தவர்கள் குழந்தைகள்தாம் என்று கண்டோமே, சட்டம் அவர்களிடம்தான் கடைசியாக வந்து சேர்ந்தது.

எண் இல்லாத சட்டம் செயற்படாது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. எண் சரியாக இருந்தாலும், அந்த அளவுள்ள வீட்டுக்கு ஏழையால் வாடகை கொடுக்க முடியாவிட்டால் சட்டம் அவனுக்குத் தண்டனையாகவே முடியும் என்பதையும் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஓர் அறையின் சன்னல் பரப்பையும் தரைப்பரப்பையும் அளந்து வகுங்கள். பத்தில் ஒரு பங்கு இருக்கிறதா? சன்னலுக்கு எதிர்ச்சுவரில் திறப்பு உண்டா?

2. ஊதுவத்தி ஒன்றை ஏற்றி அறை நடுவில் வையுங்கள். சன்னலையும் எதிர்க்கதவையும் திறந்து, பின் ஒன்றை மட்டும் மூடி, புகை போகும் வழியைக் கவனியுங்கள்.

3. ஒளி ஊடுருவும் ரப்பர்க் குழாயை ‘ப’ எழுத்தைத் தலைகீழாகப் பிடித்ததுபோல் வளைக்காமல், தொங்கும் ஊஞ்சல்போல் வளைத்து அடியில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையில் மெதுவாக ஊதுங்கள். நீர்மட்டம் எவ்வளவு ஏறி இறங்கும் வரை காற்று மறுபக்கம் போகவில்லை? கழிப்பிடக் குழாயில் சாக்கடை வாயுவைத் தடுப்பது இந்த நீர்ப்பூட்டுதான். மாடி வீட்டில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது கீழ்வீட்டு நீர்ப்பூட்டு உறிஞ்சப்பட்டுவிடலாம். அதைத் தடுக்கக் கூரைக்குமேல் ஒரு காற்றுக் குழாயை ஏன் நீட்டி வைக்கிறார்கள் என்று யோசித்து, உங்கள் ஆசிரியரிடம் விடையைச் சொல்லுங்கள்.